பீவர் இல்லாத இயற்கைப் பாடப்புத்தகம்

அன்னா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக் எழுதிய 'இயற்கைக் கல்விக் கையேடு' 1911ல் அமெரிக்காவில் வெளிவந்தது. கிட்டத்தட்ட 900 பக்கம். ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் எதைக் காட்டலாம், என்ன கேள்வி கேட்கலாம் என்று ஒவ்வொரு உயிருக்கும் தனிப்பாடமாகச் சொல்கிற புத்தகம். பாலூட்டிகள் பகுதியில் முயல் இருக்கு, சுண்டெலி இருக்கு, அணில், வௌவால், ஸ்கங்க், ரக்கூன், நரி எல்லாம் இருக்கு. ஓடைக்கரையில் வாழும் மஸ்க்ராட் என்ற கொறிவிலங்குக்கும் ஒரு பாடம். ஆடு, மாடு, பன்றிக்குக்கூட உண்டு. வட அமெரிக்கா என்றதும் நினைவுக்கு வருகிற பீவருக்கு மட்டும் தனிப்பாடம் கிடையாது.

ஏன்? என் ஊகம் எளிமையானது. காம்ஸ்டாக் நியூயார்க் மாநிலத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அந்த மாநிலத்தில் 1900 வாக்கில் பீவர் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. அடிரோண்டாக் மலைக்காடுகளில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு மிச்சம், அவ்வளவுதான். குழந்தை நேரில் பார்க்க முடியாததைப் பாடமாக வைக்கக் கூடாது என்பதுதான் அந்தப் புத்தகத்தின் கொள்கை. (ஓநாய் மட்டும் எப்படி வந்துச்சு என்று கேட்பீர்கள். அது நாய்ப் பாடத்துக்குச் சொந்தக்காரனாக உள்ளே வந்துவிட்டது.)

வெளியே போய்க் கற்பது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியரையும் குழந்தையையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். அங்கே மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கணுமே, அந்த விலங்கு? பீவர் விஷயத்தில் அது இருந்துச்சு, போச்சு, திரும்பி வந்துச்சு. அது போன காலத்திலும் வந்த காலத்திலும் குழந்தைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் பெயர். பீவரைத் தமிழில் நீர்நாய் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. நீர்நாய் மீன் தின்கிற இறைச்சியுண்ணி, நம்ம காவிரியிலேயே இருக்கு. பீவர் கொறிவிலங்கு, மரப்பட்டையும் இலைதழையும்தான் சாப்பாடு. நீரெலி என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கு. 20 கிலோவைத் தாண்டுகிற ஒன்றை எலி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பீவர் என்றே வச்சுக்கலாம்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பீவரைப் பற்றிய அறிவு புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குத்தான் போச்சு. இடைக்கால விலங்கு நூல்கள் எல்லாவற்றிலும் ஒரே கதை: வேட்டைக்காரன் துரத்தினால் பீவர் தன் விரைகளைத் தானே கடித்து எறிந்துவிட்டுத் தப்பிக்கும், ஏனென்றால் மருந்துக்காக மனிதன் தேடுவது அதைத்தான். உண்மையில் அந்த மருந்துப் பொருள் வருவது வால் பக்கத்தில் இருக்கும் வேறு ஒரு ஜோடிப் பையிலிருந்து. ஆண், பெண் இரண்டுக்கும் அது உண்டு. ஒரே ஒரு பீவரைப் புரட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அப்புறம் அமெரிக்கக் கண்டத்துக் கதைகள். ஹெர்மன் மோல் என்பவர் 1715ல் வெளியிட்ட வரைபடத்தின் ஓரத்தில் நயாகரா அருவி. அதன் பக்கத்தில் வரிசை வரிசையாகப் பீவர்கள், கட்டட வேலை ஆட்கள் மாதிரி. மரத்துண்டு தூக்குகிறவை ஒரு பக்கம், வாலில் சேறு சுமப்பவை ஒரு பக்கம். படமும் அவருடைய சொந்தச் சரக்கு இல்லை, 1698ல் வந்த ஒரு பிரெஞ்சு வரைபடத்தில் இருந்ததை எடுத்துப் போட்டது. பீவர் வாலில் சேறு சுமக்காது. முன்னங்கால்களால் நெஞ்சோடு அணைத்துத் தள்ளிக்கொண்டு போகும். ஆனால் வாலைக் கரண்டி மாதிரி பயன்படுத்தும் பீவர் இன்றைக்கும் கார்ட்டூன்களில் வந்துக்கிட்டேதான் இருக்கு.

இந்தப் படங்கள் அச்சான காலத்தில்தான் நிஜப் பீவர்கள் தொப்பியாகிக்கொண்டிருந்தன. பீவரின் உள்மயிரில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கொக்கிகள் உண்டு. அதை அடித்து அழுத்தினால் ஒன்றோடொன்று பிணைந்து நல்ல ஃபெல்ட் கிடைக்கும். மழைக்கும் உருக்குலையாத தொப்பி. 1670ல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே கம்பெனியின் வியாபாரமே பெரும்பாலும் இதுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பட்டுத் தொப்பி வந்து நாகரிகம் மாறியது, ஆனால் பொறி வைப்பது நிற்கவில்லை. 1900 வாக்கில் ஐரோப்பா, ஆசியா முழுவதும் சேர்த்து மிஞ்சியது சுமார் 1,200 பீவர்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

யாராவது ஒருத்தர் போய் நேரில் பார்க்கணும் இல்லையா. பார்த்தவர் ஒரு வக்கீல்.

லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற பெயர் தமிழ் வாசகர்களில் பலருக்கு ஏங்கெல்ஸ் வழியாகத் தெரிந்திருக்கும். குடும்பம், தனிச்சொத்து, அரசு பற்றி ஏங்கெல்ஸ் எழுதிய புத்தகம் மார்கனின் 'பண்டைய சமூகம்' நூலைத்தான் அடித்தளமாகக் கொண்டது. இன்னொரு தொடர்பும் இருக்கு. சித்தப்பா மகன் தம்பி, மாமன் மகன் மைத்துனன் என்று நாம் பிரிக்கிற உறவுமுறை, நியூயார்க்கின் செனகா பழங்குடியினர் உறவுமுறையோடு ஒத்துப்போவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர் அவர். தமிழ் உறவுச் சொற்களை அவருக்குக் கொடுத்தது ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கட்டர் என்ற மிஷனரி. 1871ல் வந்த மார்கனின் பெரிய உறவுமுறை அட்டவணையில் தமிழ் ஒரு முக்கியமான சாட்சி.

அந்த அட்டவணைக்கு மூன்று வருஷம் முன்பு, 1868ல், அவர் போட்ட புத்தகம் 'அமெரிக்கப் பீவரும் அதன் வேலைகளும்'. மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில் ஒரு ரயில்பாதைக் கம்பெனியில் அவருக்குப் பங்கு இருந்தது. அங்கே போகும்போதெல்லாம் மீன் பிடிக்கப் போவார். ஓடையில் போனால் வழியெல்லாம் பீவர் அணை. மீனை விட்டுவிட்டு அணையை அளக்க ஆரம்பித்துவிட்டார். இஷ்பெமிங் ஊர்ப்பக்கத்தில் 64 அணைகளையும் குளங்களையும் குறித்து அவர் போட்ட வரைபடம் சுமார் 150 வருஷம் கழித்து மறுபடி சரிபார்க்கப்பட்டது. முக்கால்வாசிக் கிட்ட இன்னும் அடையாளம் தெரிகிற மாதிரி இருந்தன. வெட்டிய மரத்தின் துண்டு, கொறித்த கழி, வாய்க்காலின் நீளம், அணையின் உயரம் எல்லாவற்றையும் போட்டோவாகவும் கணக்காகவும் சேர்த்தார். குழந்தைகளுக்காக எழுதியது இல்லைதான். ஆனாலும் பின்னால் குழந்தைகளைச் செய்யச் சொன்னதெல்லாம் இதைத்தான்: போ, பார், அள, எடுத்துக்கொண்டு வா.

'இயற்கையைப் படி, புத்தகத்தை அல்ல' என்பது லூயி அகாசியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட கோஷம். 1873 கோடையில் மசாசூசெட்ஸ் கடற்கரைக்கு அப்பால் பெனிகீஸ் என்ற சின்னத் தீவில் ஐம்பது பேர் அளவில் ஆசிரியர்களைச் சேர்த்து அவர் ஒரு பள்ளி நடத்தினார். பெண் ஆசிரியர்களும் இருந்தார்கள். அந்த டிசம்பரிலேயே அவர் இறந்துபோனார். (மனித இனங்களைப் பற்றி அவர் சொன்னவை அருவருப்பானவை, அதையும் சேர்த்தே நினைவு வைத்துக்கொள்ளணும்.) ஆனால் அந்த ஆசிரியர்கள் ஊர் திரும்பி வகுப்புக்குள் நண்டையும் மீனையும் கொண்டுவந்தார்கள்.

1890களில் விவசாயம் நொடித்து, நியூயார்க் மாநில கிராமத்துப் பிள்ளைகள் நகரத்துக்கு ஓட ஆரம்பித்தபோது இதற்கு அரசாங்கப் பணம் கிடைத்தது. சொந்த நிலத்தை நேசிக்கக் கற்றுக்கொண்டால் ஊரிலேயே இருப்பார்கள் என்ற நம்பிக்கை. அது பலிச்சதா என்பது வேறு கதை. கார்னெலில் இருந்து ஆசிரியர்களுக்குத் துண்டுப் பிரசுரங்கள் போயின, பள்ளிகளில் இளம் இயற்கையாளர் சங்கங்கள் வந்தன. அந்தச் சங்கங்களுக்குச் சந்தா காசு இல்லை, பார்த்ததை எழுதி அனுப்பும் கடிதம்தான் சந்தா. எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது.

இதன் மையத்தில் இருந்தவர் காம்ஸ்டாக். 1899ல் அவருக்கு உதவிப் பேராசிரியர் பதவி கொடுத்தார்கள். பெண்ணுக்கு அந்தப் பட்டமா என்று நிர்வாகக் குழுவில் முணுமுணுப்பு வர, விரிவுரையாளராக இறக்கினார்கள். கையேடு விற்காது, கையைக் கடிக்கும் என்று பலரும் பயந்தார்கள். அது 24 பதிப்பு கண்டது. அதில் ஆசிரியருக்கு அவர் கொடுக்கும் தைரியம் முக்கியமானது: குழந்தை கேட்டால் 'எனக்குத் தெரியாது, வா பார்க்கலாம்' என்று சொல்லக் கூச்சப்படாதே. ஆனால் வா பார்க்கலாம் என்று சொல்ல, பார்க்க அது அங்கே இருக்கணும். நியூயார்க் பிள்ளைக்கு மஸ்க்ராட்தான் கிடைத்தது.

இதே வருஷங்களில் 2,500 கிலோமீட்டர் மேற்கே கொலராடோவில் பிள்ளைகள் நிஜப் பீவர் குளத்தின் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டிப்போனவர் ஈனாஸ் மில்ஸ்.

மில்ஸ் 1870ல் கான்சாஸில் பிறந்தவர். உடம்பு சரியில்லாத பையன். 14 வயதில் தனியாக மலைக்காற்றுக்காகக் கொலராடோவுக்கு வந்தார். லாங்ஸ் பீக் அடிவாரத்தில் தானே ஒரு மரவீடு கட்டினார். குளிர்காலத்தில் மான்டானா செப்புச் சுரங்கத்தில் வேலை, கோடையில் மலை ஏற வழிகாட்டி. 1889ல் சான் ஃபிரான்சிஸ்கோ கடற்கரையில் ஜான் மியூரைத் தற்செயலாகச் சந்தித்தது அவருடைய திசையை மாற்றியது. பிறகு அடிவாரத்திலேயே ஒரு விடுதியை வாங்கி நடத்தினார். ராக்கி மலை தேசியப் பூங்கா 1915ல் அமைந்ததில் இவருடைய பிரச்சாரத்துக்குப் பெரிய பங்கு.

மரவீட்டுக்குப் பக்கத்திலேயே பீவர்கள். 27 வருஷம் பார்த்துவிட்டு 1913ல் 'பீவர் உலகில்' என்ற புத்தகம் எழுதினார். இலையுதிர் காலத்தில் ஆஸ்பென் மரங்களை வெட்டிக் குளத்துக்குள் அமிழ்த்தி வைப்பது, குளம் மேலே உறைந்த பிறகு அடியில் நீந்திப்போய் அந்தச் சேமிப்பைத் தின்பது, தண்ணீர் தேங்கிய இடத்தில் வண்டல் படிந்து படிந்து கடைசியில் குளமே புல்வெளியாவது என்று பொறுமையாக எழுதிக்கொண்டு போகிறார். கடைசி அத்தியாயத்தில் பீவரை ஆதி இயற்கைப் பாதுகாவலன் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். கொஞ்சம் மிகைதான், ஆனால் பொறிக்காரர்கள் காலத்தில் அப்படித்தான் பேசவேண்டியிருந்திருக்கும்.

விடுதிக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக அவர் நடத்தியதுதான் 'பாதைப் பள்ளி'. கட்டடம், மணி, தேர்வு எதுவும் இல்லை. நடப்பார்கள், எதையாவது பார்த்தால் நிற்பார்கள், குழந்தைகள் கேட்பார்கள். வழிகாட்டி பெயர்ப்பட்டியல் ஒப்பிக்கிற ஆள் இல்லை, ஆவலைக் கிளப்பிவிடுகிற ஆள் என்பது அவர் கட்சி. 8 வயதுச் சிறுமி ஒருத்தி 14,000 அடிக்கு மேலான லாங்ஸ் பீக் உச்சிக்கு அவரோடு ஏறிய கதையையும், பாதைப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியும் 1920ல் வந்த புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இவரிடம் பயிற்சி பெற்ற எஸ்தர் பர்னெல், எலிசபெத் பர்னெல் சகோதரிகள் 1917ல் தேசியப் பூங்காவின் உரிமம் பெற்ற முதல் பெண் இயற்கை வழிகாட்டிகள் ஆனார்கள். இன்றைக்கு அமெரிக்கப் பூங்காக்களில் குழந்தைகளைக் கூட்டிப்போகும் ரேஞ்சர்களின் வேலைக்கு மூதாதை என்று இந்த விடுதியைச் சொல்லலாம். மில்ஸ் 1922ல் இறந்தார், 52 வயதுதான்.

குளக்கரையில் சின்னப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? பீவர் பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் நடமாடுவது. பகலில் போனால் விலங்கைப் பார்ப்பது அபூர்வம். அதனால்தான் இந்தப் பாடம் சின்னவர்களுக்குப் பொருந்துகிறது என்று நான் நினைக்கிறேன். அது விட்டுப்போனதெல்லாம் கையில் எடுக்கக்கூடியவை. பென்சில் சீவினது மாதிரி கூம்பாக நிற்கும் அடிமரம். சுற்றிலும் சிராய்கள். பட்டை உரித்த வெள்ளைக் கழி, அதில் விரல் வைத்துத் தடவினால் தெரிகிற பல்வரிகள். அந்தப் பல் ஆரஞ்சு நிறம், எனாமலில் இரும்பு கலந்திருப்பதால். தேயத் தேய வளர்ந்துக்கிட்டே இருக்கும். வெட்டின மரங்கள் எந்தப் பக்கம் விழுந்திருக்கு என்று எண்ணச் சொல்லலாம். கணக்குப் போட்டுத் தண்ணீர்ப் பக்கம் சாய்க்கிறது என்ற பழைய கதை அங்கேயே கழன்றுவிடும். சாய்ந்த பக்கம் விழும், சிலது பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

அப்புறம் அணை கட்டுவது. ஒரு சின்ன ஓடை, கொஞ்சம் சுள்ளி, சேறு, கல். ஐந்து வயதுப் பிள்ளைகள் முதலில் கல்லை அடுக்குவார்கள், தண்ணீர் இடுக்கு வழியாகப் போய்விடும். சுள்ளி வைப்பார்கள், அப்பவும் போகும். சேற்றையும் இலையையும் மேல்பக்கத்திலிருந்து அப்பினால்தான் மட்டம் ஏறும். பிறகு ஓரத்தில் அரித்துக்கொண்டு ஓடும், அணையை நீட்டணும். லார்ஸ் வில்சன் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் 1960களில் தாய் தகப்பனைப் பார்த்தே அறியாத பீவர்களை வளர்த்தார். அவையும் அணை கட்டின. ஒலிபெருக்கியில் தண்ணீர் ஓடும் சத்தத்தைப் போட்டால், தண்ணீர் இல்லாத இடத்தில்கூட அந்தச் சத்தத்தின் மேலேயே குச்சியையும் சேற்றையும் கொண்டுவந்து போட்டன. கசிவைப் பீவர் காதால் தேடுகிறது. நம்ம பிள்ளைகள் கையால் தேடுகிறார்கள்.

கையால் என்றதும் இன்னொன்று. பீவர் குளத்துத் தண்ணீரில் ஜியார்டியா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். வட அமெரிக்காவில் அதற்குப் 'பீவர் காய்ச்சல்' என்றே பேர். எல்லாப் பழியும் பீவர்மேல் போடவேண்டியதில்லை, மனிதனாலும் வரும். ஆனாலும் குளத்துத் தண்ணீர் வாய்க்குப் போகக் கூடாது, சோறு தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவணும்.

இதெல்லாம் ஏதோ 1900ல் வெள்ளைக்கார ஆசிரியர்கள் கண்டுபிடித்தது என்று எழுதினால் அது பெரிய பொய். கனடாவின் ஜேம்ஸ் பே பகுதி கிரீ மக்களுக்குப் பீவர் உணவு, உடை, மரியாதைக்குரிய உயிர். பிள்ளைகள் பெரியவர்களோடு வேட்டைக்களத்தில் தங்கி, பனிக்கு மேல் நின்று அடியில் இருக்கும் பீவர் வீட்டு வாசலைக் கண்டுபிடிக்கக் கற்றார்கள். எத்தனை பீவர் இருக்கு, எத்தனையை விட்டுவைக்கணும் என்பதும் அந்தப் படிப்பில் சேர்த்தி. அந்தப் பிள்ளைகளைத்தான் அரசாங்கமும் திருச்சபைகளும் உறைவிடப் பள்ளிகளுக்குப் பிரித்துக் கொண்டுபோனார்கள். இயற்கைக் கல்வி இயக்கம் நகரத்துப் பிள்ளைகளை ஓடைக்குக் கூட்டிப்போன அதே பத்தாண்டுகளில், ஓடையிலேயே வளர்ந்த பிள்ளைகளை வகுப்புக்குள் அடைத்தார்கள். 1930களில் வெளியாட்களின் பொறிகளால் பீவர் அற்றுப்போனபோது அங்கே காப்பகங்கள் அமைந்தன, ஒவ்வொரு களத்திலும் பீவர் வீடுகளை எண்ணிச் சொன்னவர்கள் கிரீ வேட்டைக்காரர்கள்தான். 1970களின் ஒப்பந்தத்துக்குப் பிறகு பள்ளிகள் கிரீ மக்கள் கைக்கு வந்தன. வசந்தத்தில் 'வாத்து விடுமுறை' என்று பள்ளியை மூடிவிட்டுக் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குப் போகிறார்கள்.

கிரே அவ்ல் என்பவரைச் சொல்லாமல் விட முடியாது. பழங்குடி என்று சொல்லிக்கொண்டு உலகம் சுற்றிய இவர் உண்மையில் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் பிறந்த ஆர்ச்சி பெலானி. 1938ல் இறந்ததும் குட்டு வெளிப்பட்டது. பீவருக்குப் பொறி வைத்துப் பிழைத்தவர், மனைவி அனஹாரியோ வற்புறுத்தி இரண்டு அநாதைக் குட்டிகளைக் காப்பாற்றிய பிறகுதான் அந்தத் தொழிலை விட்டார். 1935ல் அவர் எழுதிய சிறுவர் கதை சாஜோ என்ற சிறுமியையும் பீவர் குட்டிகளையும் பற்றியது. பீவர் குளமே இல்லாத நாட்டுப் பிள்ளைகள் அந்தக் கதையில்தான் பீவரை அறிந்தார்கள், குறிப்பாகப் பிரிட்டனில்.

பிரிட்டனில் பீவர் 16ஆம் நூற்றாண்டிலேயே வேட்டையில் முடிந்துபோனது. அங்கே திரும்புதல் ரொம்ப மெதுவாக நடந்தது. 2009ல் ஸ்காட்லாந்தின் நாப்டேலில் நார்வே பீவர்களை விட்டார்கள். டெவன் மாவட்ட ஆட்டர் ஆற்றில் எங்கிருந்து வந்தன என்று தெரியாமலே ஒரு கூட்டம் குடியேறியிருந்தது. அரசு அகற்றப் பார்த்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், ஐந்து வருஷச் சோதனைக்குப் பின் 2020ல் இருக்க அனுமதி கிடைத்தது. 2022ல் இங்கிலாந்தில் சட்டப் பாதுகாப்பு. 2025ல்தான் அங்கே காட்டில் விட முதல் அரசு உரிமம். வயலில் தண்ணீர் ஏறுகிறது என்று விவசாயிகள் கோபப்படுவதும் தொடர்கிறது, அதில் நியாயமும் இருக்கு. நியூயார்க்கில் 1900களின் தொடக்கத்தில் பீவரைக் கொண்டுவந்து விட்டபோதும் கொஞ்ச வருஷத்திலேயே இதே புகார்தான் வந்தது.

இதற்கிடையில் பிரிட்டனில் கற்பித்தல் பக்கம் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1993ல் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியிலிருந்து மழலையர் கல்வி ஆசிரியர்களும் மாணவர்களும் டென்மார்க் போனார்கள். அங்கே மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் மழையிலும் காட்டிலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து 'வனப்பள்ளி' என்று ஆரம்பித்தார்கள். அது நாடு முழுக்கப் பரவியது. கழி, சேறு, ஓடை எல்லாம் இருந்துச்சு. பீவர் மட்டும் இல்லை.

2023 அக்டோபரில் லண்டனின் மேற்கே ஈலிங் பகுதியில், பழைய கோல்ஃப் மைதானமாக இருந்த பாரடைஸ் ஃபீல்ட்ஸில், ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்த ஐந்து பீவர்கள் கொண்ட ஒரு குடும்பத்தை விட்டார்கள். பக்கத்தில் கடைவளாகம், கொஞ்ச தூரத்தில் மழைக்கு வெள்ளம் ஏறுகிற கிரீன்ஃபோர்டு ரயில் நிலையம். வேலி உண்டு, ஆனால் பொதுமக்கள் உள்ளே போகலாம். அடுத்த வருஷமே குட்டிகள் பிறந்தன. கூம்பாகக் கொறித்த அடிமரத்தைத் தொட்டுப் பார்க்க லண்டன் பிள்ளைகள் இப்போது கொலராடோவுக்குப் போகவேண்டியதில்லை, கிரீன்ஃபோர்டில் இறங்கி நடந்தால் போதும்.